நங்கூரம் போட்டா படகு நின்னுடுமா?

கேள்வி:
அக்கா, பாய்மரப் படகுல குடும்பத்தோட இருக்கீங்கன்னு படிச்சேன். ஓட்டிக்கிட்டுப் போறப்ப கஷ்டம்னு புரியுது. ஆனா நங்கூரம் போட்டுட்டா அப்புறம் வீடு மாதிரிதானே? படகு அசையாம நிக்கப்போகுது, பிள்ளைங்க குதிச்சு நீந்தப்போகுதுங்க, நீங்க மேல உக்காந்து புத்தகம் படிக்கப்போறீங்க. இதுல அப்படி என்ன வேலை இருக்குன்னு எல்லாரும் இவ்ளோ அலுத்துக்கிறீங்க?

மார்ச் 2

தம்பி, "அசையாம நிக்கப்போகுது"ன்னு எழுதியிருக்கீங்கல்ல, வில்லங்கமே அங்கதான். நங்கூரம் போட்ட படகு நிக்காது. செயின் நீளத்துக்கு ஒரு வட்டம், அதுக்குள்ள திரிஞ்சுக்கிட்டே இருக்கும். 30 மீட்டர் செயின் விட்டிருக்கீங்க, படகு 12 மீட்டர்னு வைங்க, 80 மீட்டர் விட்டத்துக்குள்ள உங்க வீடு எங்க வேணா இருக்கலாம். காத்து எங்கேருந்து வருதோ அந்தப் பக்கம் மூக்க நீட்டும், நீரோட்டம் பலமா இருந்தா காத்த விட்டுட்டு அதுக்கு மூஞ்சியக் காட்டும், ரெண்டும் எதிரும் புதிருமா இருந்தா யாரு பேச்சக் கேக்குறதுன்னு தெரியாம குறுக்க நிக்கும். குறுக்க நின்னுச்சுன்னா அன்னைக்கு சமையல், பாடம், தூக்கம் மூணும் போச்சு.

துணி எங்க காயப்போடுறது, யாரு எந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கிறது, சோலார் பேனல் மேல பாய்மரத்தோட நிழல் எப்ப விழும், எந்தக் கதவத் திறக்கலாம், எல்லாத்தையும் முடிவு பண்றது இந்தச் சுத்தல்தான். நேரம் கிடைக்கிறப்ப ஒவ்வொண்ணா எழுதறேன். வரிசையா இருக்கும்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.

மார்ச் 2, ராத்திரி

நல்லதையும் சொல்லிடறேன், இல்லன்னா புலம்பல் திலகம்னு பேர் வச்சுடுவீங்க. பெரும்பாலும் காத்தப் பாத்தே நிக்கிறதால முன்பக்க மேல்கதவ லேசா தூக்கி வச்சா போதும், காத்து உள்ள புகுந்து ஒவ்வொரு கேபினா நொழஞ்சு பின்பக்கம் போயிடும். மரினாவுல, அதான் படகுங்களக் கட்டி நிறுத்துற துறையில, கட்டிப்போட்ட படகுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது, அது கட்டின பக்கமேதான் பாத்துக்கிட்டு நிக்கும், உள்ள வெந்து சாகணும். மழை வந்தா அதே கதவு வழியா நேரா படுக்கையில கொட்டும், அது வேற கதை. ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு எழுந்து மூடுறதுங்கிற பஞ்சாயத்து எங்க வீட்ல இன்னும் தீரல.

மார்ச் 3

"5 மீட்டர் ஆழம், 5 மடங்கு செயின்னா 25 மீட்டர் போதும்ல"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். போதாதுங்க. ஆழத்த தண்ணி மட்டத்துலேருந்து எண்ணக்கூடாது, செயின் படகுலேருந்து கிளம்புற இடத்துலேருந்து எண்ணணும். முன்பக்கம் தண்ணிக்கு மேல 1.2 மீட்டர் நிக்குதுன்னு வைங்க, ஓதம் ஏறினா இன்னும் 2 மீட்டர் தண்ணி ஏறும். 5, 1.2, 2, கூட்டினா 8.2. அத அஞ்சால பெருக்குனா 41 மீட்டர். உங்க கணக்குக்கும் இதுக்கும் 16 மீட்டர் வித்தியாசம், ராத்திரி தூக்கம் அந்த 16 மீட்டர்லதான் இருக்கு. நங்கூரம் எடையால மட்டும் புடிக்கிறதில்ல, படுத்தவாக்குல இழுத்தாதான் மண்ணுக்குள்ள தோண்டிக்கிட்டு இறங்கும். மேல் பக்கமா இழுத்தா பிடுங்கிக்கிட்டு வந்துடும். காத்தோட வேகம் 15 நாட்லேருந்து (நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்) 30 நாட்டுக்குப் போனா இழுவை ரெண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். மோசமான ராத்திரியா இருந்தா நாங்க ஏழு மடங்கு விடுவோம், இடம் இருந்தா. இடம் இருந்தாங்கிற வார்த்தைய கவனிங்க, அதப் பத்தி அப்புறம்.

நங்கூரத்துலயும் ஏகப்பட்ட ஜாதி. ஏர் கலப்பை வடிவத்துல சி.க்யூ.ஆர்.னு ஒண்ணு இருக்கு பாத்திருப்பீங்க, 1933ல ஜெஃப்ரி டெய்லர் கண்டுபிடிச்சது, திரவங்களோட ஓட்டத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணிப் பேர் வாங்கின பெரிய இயற்பியல் விஞ்ஞானி, சொந்தமா பாய்மரப் படகும் வச்சிருந்தவர். தன் படகுத் தேவைக்கும் மூளையச் செலவழிச்சிருக்காரு பாருங்க. இப்ப வர்றதுல ஒண்ணு மேல ஒரு வளையம் வச்ச வகை, எப்படி விழுந்தாலும் புரண்டு சரியான பக்கம் நின்னுக்கும். எங்ககிட்ட இருக்கிறது அதுதான். ஆனா எந்த நங்கூரமா இருந்தாலும் கடல்பாசி அடர்த்தியா இருக்கிற தரையில மண்ணத் தொடாம பாசிய வாரிக்கிட்டு வழுக்கும். மணல் திட்டு, வெளிர் நிறமா தெரியும், அதத் தேடித்தான் போடணும்.

மார்ச் 3, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல எழுதினத வீட்டுக்காரர் படிச்சுட்டு "சண்டையப் பத்தி எழுதலையே"ன்னு கேட்டார். எழுதிடறேன். நங்கூரம் போடறப்ப ஒருத்தர் முன்பக்கம் செயின்கிட்ட, இன்னொருத்தர் பின்பக்கம் ஸ்டீயரிங்கிட்ட. நடுவுல 10 மீட்டர் இடைவெளி, இன்ஜின் சத்தம், காத்து. ஒருத்தர் கத்துறது இன்னொருத்தருக்கு திட்டுற மாதிரியே கேக்கும். "பின்னால போ"ன்னா "என்ன சொன்ன"ன்னு கேப்பாங்க, திரும்பக் கத்துனா "ஏன் கத்துற"ன்னு கேப்பாங்க. பக்கத்துப் படகுக்காரங்க எல்லாம் டீக் கப்போட வெளிய வந்து உக்காந்துடுவாங்க, சாயங்காலப் பொழுதுபோக்கே அதுதான். தலையில மாட்டிக்கிற வயர்லெஸ் ஹெட்செட் வாங்கின பிறகு பக்கத்துல உக்காந்து பேசற குரல்ல பேசிக்கிறோம். படகுக்காரங்க நடுவுல அதுக்குப் பேரே கல்யாணத்தக் காப்பாத்துற கருவி. நல்லா வேலை செய்யுது, சார்ஜ் போட மறக்காத வரைக்கும்.

மார்ச் 5

தண்ணி. இதக் கேக்காத ஆளே இல்ல.

கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. சுத்தியும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது. டாங்க்ல இருக்கிறதுதான் சொத்து. கரையில இருந்தப்ப பல் தேய்க்கிறப்ப குழாயத் திறந்தபடி விட்டுட்டு நின்ன அதே பொண்ணு இப்ப தம்பி டம்ளர அலசுறதப் பாத்துக்கிட்டே நின்னு "போதும்டா போதும்டா"ன்னு குரல் குடுக்குறா. குடிக்க, சமைக்க, அலச எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 10லேருந்து 15 லிட்டருக்குள்ள ஓட்டலாம், பழகிட்டா கஷ்டமில்ல. பாத்திரத்த முதல்ல கடல் தண்ணியில தேய்ச்சு கடைசியா மட்டும் நல்ல தண்ணி, அதுவும் சுத்தமான கடலா இருந்தாதான், துறைமுகத்து உள்ள அந்த வேலை வச்சுக்காதீங்க.

கடல்நீர சுத்தம் பண்ற மெஷினும் இருக்கு எங்ககிட்ட. ஒரு சவ்வு வழியா சுமார் 55 பார் அழுத்தத்துல தண்ணியத் தள்ளும், உப்பு அந்தப் பக்கமே நின்னுடும். கேக்க ஜோரா இருக்கு. ஆனா எண்ணெய் மிதக்கிற தண்ணியில ஓட்டக்கூடாது, சவ்வு போச்சு. குளோரின் பட்டாலும் போச்சு, அதனால கரையில புடிச்ச குழாத் தண்ணியால அத அலசறதா இருந்தா நடுவுல கரி ஃபில்டர் போட்டே ஆகணும். ஆக, கூட்டமா படகு நிக்கிற இடத்துல மெஷின மூடி வச்சுட்டு கேனத் தூக்கிக்கிட்டு டிங்கியில, அதான் கரைக்குப் போக வச்சிருக்கிற குட்டிப் படகுல, கரைக்குப் போறோம்.

மார்ச் 6

குளியல விட்டுட்டேன். கடல்ல குதிச்சு சோப்பு போட்டு, ஏணியில ஏறி நின்னு ரெண்டு மக் நல்ல தண்ணி. உப்பு மேல அப்படியே காய விடக்கூடாது, துண்டால உடனே தொடச்சுடணும். துணிக்கும் இதே கதைதான், கடல் தண்ணியில துவைச்சு அப்படியே போட்டா அது காயவே காயாது, உப்பு காத்துலேருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். மத்தியானம் மொடமொடன்னு இருக்கும், ராத்திரி பிசுபிசுன்னு ஆயிடும்.

மார்ச் 8

நேத்து ராத்திரி யாரும் தூங்கல. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

காத்து கரைப் பக்கமிருந்து மெதுவா வீசுது, படகு கரையப் பாத்து நிக்குது, எல்லாம் அமைதி. ஆனா எங்கேயோ தூரத்துல அடிச்ச புயலோட அலை, நீளமா, தாழ்வா, கரையோட முனையச் சுத்தி வளைஞ்சு பக்கவாட்டுல வந்து சேந்துச்சு. வெறும் அரை மீட்டர் அலைதான். ஒத்தை உடம்புப் படகுக்கு அது பக்கவாட்டுல வந்தா போதும், இடதும் வலதுமா ஆட ஆரம்பிக்கும், பாய் விரிச்சு ஓடுறப்ப காத்தோட அழுத்தம் படகப் புடிச்சு நிறுத்தும், நங்கூரத்துல புடிக்க ஆளில்ல. கடல் கடந்து போறப்பக்கூட வாந்தி எடுக்காத சின்னவன் நங்கூரத்துல எடுத்தான். அலமாரியில ஒரே ஒரு டப்பா, உள்ள எங்கன்னு தெரியல, டொக்குன்னு ஒரு பக்கம் போயி டொக்குன்னு திரும்பி வரும். அத எடுத்துட்டா இன்னொண்ணு. ராத்திரி முழுக்க டப்பா வேட்டை.

காலையில பின்பக்கக் கப்பியிலேருந்து ஒரு நீளக் கயிற வெளிப்பக்கமாவே முன்னால கொண்டுபோயி செயின்ல கட்டினோம். அப்புறம் இன்னும் 10 மீட்டர் செயின வெளிய விட்டோம். இப்ப அந்தக் கயிறும் செயினும் சேந்து ஒரு முக்கோணம் ஆயிடுச்சு, படகு காத்தப் பாத்து நிக்காம சாஞ்சு நிக்கும். கயிறு இறுக்க இறுக்க மூக்கு கொஞ்சம் கொஞ்சமா திரும்பி அலையப் பாத்துச்சு. ஆட்டம் நின்னுடுச்சுன்னு சொல்ல மாட்டேன், பக்கவாட்டு ஆட்டம் முன்னும் பின்னுமா தூக்கிப் போடுற ஆட்டமா மாறிச்சு, அதுல தூங்கலாம். காத்து திரும்பினா திரும்ப இதே வேலை.

ரெட்டை உடம்புப் படகு, அதான் கட்டமரன், வச்சிருக்கிறவங்க இதப் படிச்சுட்டு சிரிக்கிறது எனக்குக் கேக்குது. சிரிங்க.

மார்ச் 8, ராத்திரி

தூக்கம்னு வந்தாச்சு, சத்தத்தப் பத்தியும் சொல்லிடறேன். படகோட அடிப்பாகம் ஒரு பெரிய காது. செயின் பாறை மேல உரசினா அந்த நறநற படுக்கைக்குள்ள கேக்கும். அதுக்குத்தான் செயின்ல ஒரு நைலான் கயிற கொக்கி போட்டு மாட்டி, இழுவைய கயித்துக்கு மாத்திவிடுறது, நைலான் இழுபட்டு விட்டுக்குடுக்கும், படகு வெடுக்குன்னு இழுபடாது, சத்தமும் பாதி குறையும். பாய் ஏத்துற கயிறுங்க மரத்துல டங் டங்குனு அடிக்கும், அத இழுத்து தள்ளிக் கட்டாமப் படுத்தா உங்க தூக்கம் மட்டுமில்ல, பக்கத்துப் படகு தூக்கமும் போகும்.

புதுசா வந்து தங்கின சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ராத்திரி எழுப்பி "அத்தை, படகுக்கு அடியில எதுவோ எரியுது"ன்னான். சூடான எண்ணெயில கடுகு வெடிக்கிற மாதிரி சடசடன்னு விடாம. அது இறால். விரல் நீளம்கூட இருக்காது, கொடுக்க சொடுக்குறப்ப ஒரு நீர்க்குமிழி உண்டாகி உடையும், அந்தச் சத்தம். வெதுவெதுப்பான கடல்ல ஆயிரக்கணக்குல சேந்து அடிக்கும். எங்களுக்கு அது இல்லன்னாதான் தூக்கம் வராது.

மார்ச் 11

சரி, டாய்லெட்.

எல்லாரும் கேக்கக் கூச்சப்படுறீங்க, ஆனா மூணு பேர் தனியா மெசேஜ் அனுப்பிக் கேட்டாச்சு. கைப்பம்பு. கடல் தண்ணிய உள்ள இழுத்து வெளிய தள்ளணும். எங்க வீட்டு விதி, எல்லாப் படகு வீட்டு விதியும் அதேதான்: நீ தின்னு செரிக்காத எதுவும் அதுக்குள்ள போகக்கூடாது. டிஷ்யூ உள்பட, அதுக்கு மூடி போட்ட தனி டப்பா. விருந்தாளி வந்தா உக்கார வச்சு பாடம் எடுத்துட்டுத்தான் டீ. அடைச்சுக்கிட்டா குழாயக் கழட்டி கையாலதான் எடுக்கணும், பிளம்பருக்கு போன் போட முடியாது.

வெளிய நேரா விடுறதா இல்ல கழிவு டாங்க்ல சேக்குறதாங்கிறதுதான் பெரிய விஷயம். நங்கூரத்துல நிக்கிறப்ப டாங்க்தான், சட்டம் என்ன சொன்னாலும் சரி. நம்ம பிள்ளைங்க குதிக்கிற தண்ணி அது, பக்கத்துப் படகுப் பிள்ளைங்களும்தான். நாலு பேருக்கு அந்த டாங்க் சட்டுன்னு ரொம்பிடும். ரொம்பினா நங்கூரத்த எடுத்துட்டு வெளிக்கடலுக்குப் போகணும், இல்ல உறிஞ்சி எடுக்கிற வசதி இருக்கிற துறைக்குப் போகணும். "ஏன் அடிக்கடி எடம் மாத்துறீங்க, நல்ல இடம்தானே"ன்னு கேட்டவருக்கு இதுதான் பதில், இயற்கை அழகத் தேடி எல்லாம் இல்ல.

மார்ச் 12

"12 மைல் தாண்டித்தான் விடணும், மார்போல் சட்டம்"னு ஒருத்தர் சொல்லியிருக்கார். மார்போல், அதான் கப்பலுங்க கடல அசுத்தம் பண்றதத் தடுக்கிற சர்வதேச ஒப்பந்தம், அதோட நாலாவது இணைப்புல அந்தக் கணக்கு இருக்கிறது உண்மை, அரைச்சு கிருமிநீக்கம் பண்ணினதுன்னா 3 கடல் மைல், அப்படியே விடறதுன்னா 12. ஆனா அது சர்வதேசப் பயணம் போற 400 டன்னுக்குக் குறையாத கப்பல், இல்லன்னா 15 பேருக்கு மேல ஏத்துற கப்பலுக்கு எழுதினது. நம்மள மாதிரி சின்னப் படகுக்கு அந்தந்தக் கடற்கரை நாட்டோட சொந்த விதிதான் பேசும், சில இடத்துல அது இன்னும் கறார். குப்பைக்கு அப்படி இல்ல, அஞ்சாவது இணைப்பு எல்லாப் படகுக்கும் உண்டு, பிளாஸ்டிக்க எந்தக் கடல்லயும் எவ்ளோ தூரத்துலயும் போடக்கூடாது. அதனால சாமான் வாங்குன இடத்துலயே அட்டைப்பெட்டி, கவர் எல்லாத்தையும் பிரிச்சு அங்கயே விட்டுட்டு வருவோம். அட்டைப்பெட்டி மடிப்புல கரப்பான் முட்டை இருக்கும்கிறது இன்னொரு காரணம்.

அப்புறம் நாத்தம். படகு டாய்லெட் நாத்தத்துக்கு நம்மள விட கடல் தண்ணிதான் அதிகக் காரணம். குழாய்க்குள்ள தேங்கின கடல் தண்ணியில இருக்கிற நுண்ணுயிர் எல்லாம் செத்து அழுகி, அடுத்த தடவை பம்ப் அடிக்கிறப்ப அழுகின முட்டை வாடையோட வரும். ராத்திரி கடைசி ஆளு ஒரு மக் நல்ல தண்ணி ஊத்தி பம்ப் அடிச்சுட்டா பாதிப் பிரச்சினை தீந்துச்சு. சிறுநீரும் கடல் தண்ணியும் சேந்து குழாய்க்குள்ள சுண்ணாம்பு மாதிரி கட்டிக்கும், அதுக்கு அப்பப்ப வினிகர். தண்ணி சிக்கனம்னு மேல பேசின அதே ஆளுதான் இங்க நல்ல தண்ணிய ஊத்தச் சொல்றேன். சொல்லுவேன்.

மார்ச் 15

கரண்ட். பிரிட்ஜுதான் பெருந்தீனின்னு போன வருஷம் யாருக்கோ எழுதின ஞாபகம். 12 வோல்ட் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 40லேருந்து 60 ஆம்பியர் ஹவர், அதாவது 500லேருந்து 700 வாட் ஹவர் வரைக்கும் குடிக்கும், வெயில் காலத்துல கூடவே. ஆனா சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் வச்ச பிறகு கணக்கே மாறிடுச்சு. எங்ககிட்ட இருக்கிற ஸ்டார்லிங்க் டிஷ் 50லேருந்து 75 வாட் வரைக்கும் இழுக்குது, 24 மணி நேரமும் போட்டு வச்சா 1200 வாட் ஹவருக்குக் குறையாது. ரெண்டு பிரிட்ஜ். பாலக் கெடாம வைக்கிறதவிட பெரியவளோட வீடியோவுக்குத்தான் இப்ப அதிக வெயில் செலவாகுது. அதனால பாடம் நடக்கிற நேரம், வானிலை பாக்குற நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம், அவ்ளோதான், மத்த நேரம் ஸ்விட்ச் ஆஃப்.

பழைய ஈய பேட்டரி வச்சிருக்கிறவங்க பாதிக்குக் கீழ இறக்காதீங்க, ஆயுசு குறைஞ்சுடும். லித்தியத்துல அந்தக் கவலை அவ்வளவா இல்ல.

இங்கதான் திரும்பவும் சுத்தல் வரும். சோலார் பேனல்ல ஒரு மூலையில கம்பத்தோட நிழல் விழுந்தா அந்த மூலை அளவுக்கு மட்டும் குறையும்னு நினைப்போம், அப்படி இல்ல, செல்லுங்கள வரிசையா கோத்திருக்கிறதால மொத்த பேனலும் படுத்துடும். படகு 20 டிகிரி திரும்பினா சரியாயிடும். திருப்ப முடியாது. காத்து மாறட்டும்னு உக்காந்திருக்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் மதியம் மீட்டரப் பாத்துட்டு மேல போய் காத்தப் பாத்துட்டு திரும்ப வந்து மீட்டரப் பாப்பார்.

மார்ச் 17

பிள்ளைங்க சண்டை போட்டா என்ன பண்ணுவீங்கன்னு ஒரு அம்மா கேட்டிருக்காங்க. நல்ல கேள்வி, மத்த எல்லாத்தையும்விட.

"உன் ரூமுக்குப் போ"ன்னு சொல்லலாம், ஆனா அந்த ரூமுக்கும் நமக்கும் நடுவுல ஒரு விரல் தடிமன் பலகைதான். அழுகை கேக்கும், முணுமுணுப்பு கேக்கும், அவன் அவளப் பத்தி பொம்மைகிட்ட சொல்ற குறைகூட கேக்கும். நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா அவங்களுக்கும் அப்படியே. வாசலத் திறந்துக்கிட்டு கோவமா வெளிய போக முடியாது, வெளிய தண்ணி. வீட்டுக்காரர் கோவம் வந்தா டிங்கிய எடுத்துக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வருவார், அப்ப நாங்க மூணு பேரும் படகுல மாட்டிக்கிட்டோம்னு அர்த்தம், ஏன்னா டிங்கி ஒண்ணுதான். இப்ப ஒரு சின்ன துடுப்புப் பலகையும் வாங்கிட்டோம். கோவத்துக்கு ரெண்டு வாகனம்.

எங்களுக்கு உதவினது ஒரு எழுதாத விதி. படகோட முன்முனையில போய் யார் உக்காந்தாலும், பெரியவங்களோ சின்னவங்களோ, அவங்களா திரும்பி வர்ற வரைக்கும் யாரும் பேசக்கூடாது, கூப்பிடக்கூடாது. சாப்பாடு ரெடின்னாக்கூட கூப்பிடக்கூடாது. சின்னவன் இத சாக்கா வச்சு கணக்குப் பாடத்துக்கு டிமிக்கி குடுக்கிறான், தெரியும், விட்டுடறோம்.

மார்ச் 21

"பிள்ளைங்க குதிச்சு நீந்தப்போகுதுங்க"ன்னு கேள்வியிலேயே இருந்துச்சு, அதுக்கு இன்னும் பதில் எழுதல. குதிக்குதுங்க, நாள் பூரா. ஆனா ஏணி இறக்காம ஒருத்தரும் இறங்கக்கூடாது. தண்ணியிலேருந்து பாத்தா படகோட பக்கம் வழுவழுன்னு ஒரு சுவரு, புடிக்க ஒண்ணுமில்ல, நல்லா நீந்தத் தெரிஞ்ச பெரிய ஆளுகூட ஏணி இல்லாம ஏற முடியாது. தண்ணியில இருந்தபடியே கீழ இழுத்துக்கிற மாதிரி ஏணியில ஒரு கயிறு தொங்கணும். ரெண்டாவது, குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குச்சியோ இலையோ போட்டுப் பாக்கணும், அது நடக்கிற வேகத்துல பின்னால போச்சுன்னா அன்னைக்கு நீச்சல் கிடையாது. நீரோட்டத்த எதுத்து நீந்தி யாரும் ஜெயிச்சதில்ல. பின்பக்கம் ஒரு நீளக் கயித்துல மிதவையக் கட்டி மிதக்க விட்டுட்டா இன்னும் நல்லது. சின்னவன் தனியா மேல்தளத்துல இருந்தா லைஃப் ஜாக்கெட், சுத்தி கம்பியில வலை கட்டியிருக்கோம். டிங்கி இன்ஜினோட கொலுசு, அதான் ஆள் விழுந்தா இன்ஜின நிறுத்துற கயித்து ஸ்விட்ச், கால்ல மாட்டாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது.

எனக்கு நீச்சல விட பயம் கேஸ்தான். சமையல் கேஸ் காத்த விட கனம். வீட்ல கசிஞ்சா கதவு வழியா வெளிய போகும், படகுல அடிப்பள்ளத்துல போய் தேங்கி நிக்கும், போக வழியே இல்ல. சிலிண்டர் வெளிப்பக்கமா, கீழ ஓட்டை வச்ச தனிப்பெட்டியில, சமைச்சு முடிச்சதும் சிலிண்டர்லயே மூடணும். கசிவு காட்டுற கருவிய அடிப்பள்ளத்துல வைங்க, தலைக்கு மேல வச்சு புண்ணியமில்ல.

மார்ச் 22

"ராத்திரி விளக்கு எதுக்கு, நிக்கிற படகுதானே, பேட்டரி மிச்சம்." இத ஒருத்தர் சீரியஸாவே எழுதியிருக்கார். 1972 மோதல் தடுப்பு விதிகள், 30வது விதி. 50 மீட்டருக்குக் குறைஞ்ச படகுன்னா சுத்தியும் தெரியற ஒரு வெள்ளை விளக்கு, பகல்ல முன்பக்கம் ஒரு கறுப்புப் பந்து. எல்.இ.டி. விளக்கு ரெண்டு மூணு வாட்தான். அதுல மிச்சம் புடிச்சு என்ன பண்ணப்போறீங்க. நாங்க மேல கம்பத்து உச்சியில ஒண்ணும், கீழ கண் மட்டத்துல சின்னதா இன்னொரு லைட்டும் போடுவோம், வேகமா டிங்கியில வர்றவன் 15 மீட்டர் உயரத்த அண்ணாந்து பாக்க மாட்டான்.

மார்ச் 29

இடம் இருந்தான்னு முன்னாடி சொன்னேன்ல. இன்னைக்கு அதுதான். சாயங்காலம் ஒரு மோட்டார் படகு வந்து எங்களுக்கும் கரைக்கும் நடுவுல நங்கூரம் போட்டுச்சு, கயிறுதான், செயின் கொஞ்சம்தான். இவங்க கயிறுல வேகமா சுத்துறாங்க, நாங்க 40 மீட்டர் செயின்ல மெதுவா சுத்துறோம், எங்க வட்டமும் அவங்க வட்டமும் ஒண்ணுக்கொண்ணு வெட்டுது. எல்லாப் படகும் ஒரே மாதிரி சுத்தினா நெருக்கமா நின்னாலும் இடிக்காது, ஆனா அடி ஆழமான படகு நீரோட்டத்துக்கு ஆடும், உயரமா தட்டையா இருக்கிற படகு காத்துக்கு ஆடும். யாரு முதல்ல வந்தாங்களோ அவங்களுக்கு இடம், பின்னால வந்தவங்கதான் மாத்தணும், இதுதான் எல்லா இடத்துலயும் வழக்கம். போய் சொன்னோம். நல்ல மனுஷன், சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டார். எல்லாரும் அப்படி இருக்க மாட்டாங்க.

இதுக்குத்தான் நங்கூர அலாரம், படகு அதோட வட்டத்தத் தாண்டினா கத்தும். போன்லயே ஜி.பி.எஸ். வச்சு ஓடுற ஆப் இருக்கு. நங்கூரம் விழுந்த இடத்துல புள்ளிய வைக்கணும், போன் இருக்கிற இடத்துல வச்சா காத்து திரும்பின உடனே சும்மாவே கத்தும், ரெண்டு தடவை கத்துனா மூணாவது தடவை நீங்க ஆஃப் பண்ணிட்டுத் தூங்கிடுவீங்க.

ஏப்ரல் 9

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்து, "படிச்சதுல பயம் வந்துடுச்சு, வேணாமா அப்ப?"ன்னு கேட்டிருக்கார். வேணாம்னு நான் எங்க சொன்னேன்? நாங்க இறங்கப்போறதில்ல. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வாரம் வாடகைக்கு எடுங்க, ஒரு ராத்திரிகூட மரினாவுல கட்டாதீங்க, மொத்தமும் நங்கூரத்துலயே இருங்க. அந்த வாரத்துல சாமான் வாங்கப் போறது, குப்பை இறக்குறது, துணி துவைக்கிறது எல்லாம் நீங்களே செஞ்சு பாருங்க. வீட்ல யாருக்கு இதுல ஆசை ரொம்பக் குறைவோ அவங்கள ஸ்டீயரிங்ல நிக்க வைங்க, நங்கூரம் போடறப்ப கட்டளை போடற வேலை அவங்களுக்கு, செயின் தூக்கி இடுப்பு புடிச்சுக்கிற வேலை உங்களுக்கு. உங்க வீட்டம்மாவுக்கு விருப்பமில்லன்னு எழுதியிருந்தீங்கல்ல, அதுக்குத்தான் சொல்றேன். படுக்க அவங்களுக்கு படகோட நடுப்பகுதிய குடுங்க, ஆட்டம் அங்கதான் கம்மி.

ஏப்ரல் 10

பூனை வளக்கலாமாவா? ரெண்டு படகு தள்ளி ஒருத்தர் வச்சிருக்கார். பின்பக்கம் ஒரு பழைய டவல தண்ணி வரைக்கும் தொங்க விட்டிருக்கார், விழுந்தா நகத்தப் போட்டு ஏறி வந்துடுமாம். நாங்க வளக்கல, கழிவு டாங்க் ரொப்புறதுக்கு எங்க நாலு பேரே போதும்.